சிற்பியின் தாள்: பாவ்லோட்சியின் ஸ்கிரீன் பிரின்ட்களைச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் முன்முற்றத்தில் ஒரு ராட்சத வெண்கல உருவம் உட்கார்ந்திருக்கிறது. நியூட்டன். முதுகை வளைத்துக் குனிந்து, கையிலுள்ள கவராயத்தால் காலடியில் எதையோ அளந்துகொண்டிருக்கிறார். உடம்பு மனித உடம்பு, மூட்டுகள் மட்டும் இயந்திரத்தினுடையவை. 1995-ல் இதைச் செய்தவர் எடுவார்டோ பாவ்லோட்சி. இந்தச் சிலையைப் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டும். ஆனால் இதே மனிதர் 1960களிலும் 70களிலும் வெளியிட்ட ஸ்கிரீன் பிரின்ட் தாள்கள் இன்றும் ஏலங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. பலரும் அவற்றைப் போஸ்டர் என்றே சொல்கிறார்கள். போஸ்டருக்கு எதற்குப் பென்சில் கையெழுத்து, அதன் பக்கத்தில் எதற்கு 17/65 என்று ஓர் எண், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தாள்களின் விலையில் ஏன் பல மடங்கு வித்தியாசம்? புதிதாகச் சேகரிக்க வருபவருக்கு முதலில் தோன்றும் கேள்விகள் இவைதான்.

ஸ்கிரீன் பிரின்டிங் நமக்குப் பழக்கமான தொழில். கல்யாணப் பத்திரிகையும் திருப்பூர் டி-ஷர்ட்டும் அச்சாகும் அதே முறைதான் இதுவும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிடுவார்கள். இந்த அடைப்புதான் ஸ்டென்சில். மேலே மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு இழுத்தால், திறந்திருக்கும் கண்கள் வழியாக மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். பன்னிரண்டு நிறம் வேண்டுமென்றால், ஒவ்வொரு நிறத்தையும் காயவிட்டு, தாளை அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் வைத்து, பன்னிரண்டு முறை இழுக்க வேண்டும்.

வியாபாரத் தொழிலாக இருந்த இந்த முறையைப் பிரிட்டனில் கலைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் கிறிஸ் பிரேட்டர் முக்கியமானவர். 1957-ல் அவரும் மனைவி ரோஸும் லண்டனில் கெல்ப்ரா ஸ்டுடியோ என்ற சிறிய அச்சகத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் போஸ்டர், விளம்பர அட்டை போன்ற வேலைகள்தான். 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஹாமில்டன், பாவ்லோட்சி போன்ற கலைஞர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1964-ல் லண்டனின் சமகாலக் கலைக் கழகத்துக்காக 24 கலைஞர்களின் தாள்கள் ஒரு தொகுப்பாக அங்கே அச்சாயின. அந்தத் தொகுப்புக்குப் பிறகு ஸ்கிரீன் பிரின்டைக் கலை இல்லை என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது.

சரி, ஒரு சிற்பி ஏன் அச்சகத்துக்குப் போனார்? இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பாவ்லோட்சி 1924-ல் எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகப் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகனாகப் பிறந்தார். வீட்டார் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். சிகரெட் பெட்டிக்குள் வரும் சின்னச் சின்னப் பட அட்டைகளைச் சேர்ப்பது சிறுவயதுப் பழக்கம்: விமானம், கார், சினிமா நட்சத்திரம். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு இத்தாலியர்களைப் பிடித்து அடைத்தது. பதினாறு வயதுப் பையனான அவரும் சில மாதம் சிறையில் இருந்தார். அவருடைய அப்பா, தாத்தா, மாமா மூவரையும் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற அராண்டோரா ஸ்டார் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. மூவரும் இறந்தார்கள்.

படம் சேர்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்கள், இயந்திரப் படங்கள், காமிக்ஸ், பொம்மைப் பெட்டிகள் எல்லாவற்றையும் கத்தரித்து நோட்டுகளில் ஒட்டினார். பிற்காலத்தில் மலைபோலக் குவிந்த அந்தச் சேகரிப்பு இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிற்பத்திலும் அவர் செய்தது இதைத்தான். பழைய இயந்திர உதிரிகளைக் களிமண்ணில் பதித்து, அந்தத் தடங்களை மெழுகில் எடுத்து, துண்டுதுண்டாக ஒட்டி, வெண்கலத்தில் வார்த்தார். 1960களில் பொறியியல் பட்டறைகளில் அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்து உருவங்கள் கட்டினார். ஸ்கிரீன் பிரின்டும் அவருக்குப் புதிதில்லை. 1949 முதல் 1955 வரை லண்டன் சென்ட்ரல் ஸ்கூலில் ஜவுளி வடிவமைப்பு கற்பித்தார். 1954-ல் நண்பர் நைஜல் ஹெண்டர்சனோடு சேர்ந்து சுவர்த்தாள், துணி, ஓடு ஆகியவற்றை அச்சிட்டு விற்கும் ஹேமர் பிரின்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஆக, கெல்ப்ராவுக்குள் அவர் நுழைந்தது ஏற்கெனவே இருக்கும் சிலையைப் படமெடுத்துத் தாளில் போட அல்ல. வலையும் மையும் என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர், தாளையே பட்டறையாக்கிக்கொண்டார். சிற்பிகளின் பெயரில் சந்தையில் வரும் தாள்களை நான் இந்த ஒரு கேள்வியால்தான் பிரிக்கிறேன்: இது அச்சுக்காகவே யோசிக்கப்பட்டதா, இல்லை வேறொன்றின் நகலா? சிலையின் புகைப்படத்தை அச்சிட்டு, 200 பிரதி என்று எண் போட்டு, கையெழுத்து வாங்கி விற்பதும் நடக்கிறது. அதிலும் கையெழுத்து உண்மைதான், எண்ணும் உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் பார்ப்பதற்கு அதிகம் இருக்காது.

பாவ்லோட்சியின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1965-ல் வந்த 'ஆஸ் இஸ் வென்'. பன்னிரண்டு தாள்களும் ஒரு போஸ்டரும் கொண்ட தொகுப்பு. வெளியிட்டது எடிஷன்ஸ் அலெக்டோ என்ற பதிப்பகம், அச்சிட்டது கெல்ப்ரா, பிரதிகள் 65. தத்துவஞானி லுட்விக் விட்கன்ஸ்டைனின் வாழ்க்கையும் வரிகளும்தான் பொருள். 'விட்கன்ஸ்டைன் இன் நியூயார்க்' என்ற தாளை எடுத்துக்கொள்வோம். வானளாவிய கட்டடங்கள், அமெரிக்கக் கொடி, உடம்புக்குள் இருப்பதெல்லாம் இயந்திரமாகத் தெரியும் மனித உருவங்கள். ஏறக்குறைய ஒன்றரை முழ அகலமும், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமும் உள்ள தாளில் கட்டம், கோடு, வளைவு என்று ஒரு சதுர அங்குலம்கூடச் சும்மா விடப்படவில்லை. பாவ்லோட்சி கொடுத்தது துணி வடிவங்களையும் பொறியியல் வரைபடங்களையும் வெட்டி ஒட்டிய கொலாஜ். அதைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஸ்டென்சிலைக் கத்தியால் கையால் வெட்டியவர் பிரேட்டர். தேவைப்பட்ட இடங்களில் புகைப்பட ஸ்டென்சிலும் சேர்ந்தது. அந்த மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று உரசாமல் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்தத் தாளில் பிரேட்டரின் பெயரும் இருக்க வேண்டும் என்றே தோன்றும். அச்சகத்தின் பெயரைக் கேட்காமல் ஸ்கிரீன் பிரின்ட் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது எண்ணுக்கு வருவோம். 17/65 என்றால் மொத்தம் 65 பிரதி, அதில் இது 17-வது என்று குறித்திருக்கிறார்கள். அச்சு இயந்திரத்திலிருந்து பதினேழாவதாக வந்தது என்று பொருள் இல்லை. பன்னிரண்டு நிறத் தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் எடுத்து அடுக்கி, மறுபடி எடுத்து அடுக்கும்போது வரிசை கலைந்துவிடும். கடைசியில் கலைஞர் முன் எந்த அடுக்கு வந்ததோ அந்த வரிசையில் எண் விழும். அதனால் 1/65-க்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 64/65 அதே தாள்தான்.

செம்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் டிரைபாயின்ட் போன்ற முறைகளில் நிலைமை வேறு. அழுத்த அழுத்தத் தகடு தேய்ந்து, முதல் பிரதிகளின் கருமை பின்னால் வரும் பிரதிகளில் இருக்காது. அங்கே எண்ணிக்கையைத் தகடே கட்டுப்படுத்திவிடும். ஸ்கிரீன் பிரின்டில் அந்தத் தடை கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு நல்ல ஸ்டென்சிலிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அப்படியிருந்தும் 65-ல் நிறுத்துகிறார்கள் என்றால், அது பதிப்பாளர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. இப்படி எண்ணிக்கை வரையறுத்து அச்சிடும் மொத்தப் பிரதிகளுக்கு எடிஷன் என்று பெயர். அது முடிந்ததும் ஸ்டென்சிலைக் கழுவிவிட்டு வலையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்த வாக்கு எவ்வளவு உறுதியானது என்பது பதிப்பாளரின் நேர்மையையும் வைத்திருக்கும் பதிவுகளையும் பொறுத்தது. எனவே யார் வெளியிட்டார்கள், எந்த ஆண்டு, எத்தனை பிரதி, இதெல்லாம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்பதில் சங்கடமே வேண்டாம்.

எண் இல்லாமல் ஏ.பி. என்று எழுதியிருந்தால் அது ஆர்ட்டிஸ்ட் புரூஃப், கலைஞருக்கென்று ஒதுக்கிய பிரதி. பொதுவாக எடிஷனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். பி.பி. என்றால் அச்சகத்தாருக்குரியது, எச்.சி. என்றால் விற்பனைக்கு வராமல் காட்சிக்கும் அன்பளிப்புக்கும் வைத்தது. இவையும் அசல்தான். 65 என்று எழுதியிருந்தாலும் உலகத்தில் மொத்தம் 65-க்கு மேல் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்டர் என்ற பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. விற்பவர்கள் எல்லாரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை, நாம்தான் பிரிக்க வேண்டும்.

முதலாவது, 'ஆஸ் இஸ் வென்' தொகுப்பில் வந்ததுபோல, பெயரளவில் போஸ்டர். உண்மையில் அதே அச்சகத்தில், அதே கவனத்தோடு, எடிஷனின் பகுதியாக அச்சான தாள். இரண்டாவது, கண்காட்சி அறிவிப்புக்காக அச்சான ஸ்கிரீன் பிரின்ட் போஸ்டர். இடம், தேதி எல்லாம் அதிலேயே இருக்கும், எண் இருக்காது. சில சமயம் எழுத்துகள் அச்சிடுவதற்கு முன் கொஞ்சம் பிரதிகளைத் தனியாக எடுத்து, நல்ல தாளில் எண்ணிட்டுக் கையெழுத்தோடு விற்பதும் உண்டு. மூன்றாவது, பின்னாளில் அருங்காட்சியகக் கடைக்காக ஆஃப்செட்டில், அதாவது பத்திரிகைகள் அச்சாகும் முறையில், அடித்த பிரதி. சுவரில் மாட்ட அழகாக இருக்கும், சேகரிப்பு மதிப்பு அநேகமாக இல்லை. ஒரே படம் இரண்டு, மூன்று தரங்களில் வெளியாவது வழக்கமான விஷயம். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக எடுவார்டோ சில்லிடா, மரினோ மரினி போன்ற சிற்பிகளும் வடிவம் கொடுத்த கலைப் போஸ்டர் வரிசையில் கையெழுத்திட்ட குறைந்த எடிஷனும் உண்டு, தெருவில் ஒட்டுவதற்கென்று அச்சானதும் உண்டு. படத்தைப் பார்த்து வாங்கினால் இங்கே ஏமாந்துவிடுவோம்.

இரண்டாம் வகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண் இல்லாத கண்காட்சிப் போஸ்டர்கள் பலவும் தெருவில் ஒட்டப்பட்டுக் கிழிந்து போனவை. மிஞ்சியது எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. எண்ணிட்ட தாளைவிட அரிதான எண்ணில்லாத தாள் கிடைக்கலாம்.

அசல் ஸ்கிரீன் பிரின்டா என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய உருப்பெருக்கி ஒன்று போதும். ஆஃப்செட் தாளில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து சின்னப் பூப்பூவாகத் தெரியும். தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிவது அருகில் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகப் பிரியும். ஸ்கிரீன் பிரின்டில் பச்சை என்றால் பச்சை மைதான், ஒரே பரப்பாக. தாளைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டால், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறும் இடத்தில் மெல்லிய மேடு தெரியும். மை தாளுக்குள் ஊறிப்போகாமல் மேலே படிந்து நிற்பதால் வரும் மேடு அது.

ஒரு எச்சரிக்கை. புள்ளி தெரிந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புகைப்பட ஸ்டென்சில் பயன்படுத்திய இடங்களில் ஸ்கிரீன் பிரின்டிலும் புள்ளிகள் வரும். ஆனால் ஓர் இடத்துப் புள்ளிகள் எல்லாம் ஒரே மையில் இருக்கும், நான்கு நிறப் பூ வராது. அப்புறம், பாவ்லோட்சியின் 1970 தொகுப்பான 'ஜெனரல் டைனமிக் ஃபன்' முழுக்க ஸ்கிரீன் பிரின்டே இல்லை. ஐம்பது தாள்களில் போட்டோ லித்தோகிராபும் (புகைப்படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் முறை) ஸ்கிரீன் பிரின்டும் கலந்திருக்கின்றன, எடிஷன் 350. அங்கே லித்தோ புள்ளி தெரிந்தால் அதுதான் சரி. ஆகவே உருப்பெருக்கிக்கு முன்னால் பதிவைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் பாவ்லோட்சியைச் சேகரிப்பவர்கள் பாக்கியசாலிகள். பிரேட்டர் தம்பதி 1975-ல் கெல்ப்ராவின் அச்சுகளைப் பெரும் அளவில் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டேட்டின் இணையப் பட்டியலில் தாளின் படம், அளவு, ஆண்டு, பதிப்பாளர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். விற்பவர் சொல்லும் அளவும் டேட் சொல்லும் அளவும் இரண்டு சென்டிமீட்டர் வேறுபட்டால் காரணம் கேளுங்கள். ஃபிரேமுக்குள் அடக்குவதற்காக யாரோ ஓரத்தை வெட்டியிருக்கலாம். ஓரம் வெட்டிய தாளின் மதிப்பு கணிசமாக இறங்கும், போன ஓரம் திரும்பி வராது.

கையெழுத்தைப் பொறுத்தவரை, பென்சிலில் படத்துக்கு வெளியே அல்லது கீழ் ஓரத்தில் இருப்பது வழக்கம். படத்தோடு சேர்ந்தே அச்சான கையெழுத்துக்குத் தனி மதிப்பு கிடையாது. எங்கோ கண்காட்சித் திறப்பு விழாவில் ரசிகர் நீட்டிய சாதாரணப் போஸ்டரில் பேனாவால் போட்டுக்கொடுத்த கையெழுத்தும் வரும். அது ஒரு நினைவுப் பொருள், அதனால் தாள் லிமிடெட் எடிஷன் ஆகிவிடாது.

நிலைமையைப் பார்ப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஸ்கிரீன் பிரின்டின் அழகே அந்தத் தட்டையான, இடைவெளியில்லாத நிறப்பரப்பு. அதில் ஒரு கீறலோ, விரல் அழுத்திய மடிப்போ விழுந்தால் மறைக்க இடமே கிடையாது. நிறம் மங்கியிருக்கிறதா என்று தெரிய, ஃபிரேமின் விளிம்புக்குள் ஒளிந்திருந்த பகுதியையும் வெளியே இருந்த பகுதியையும் ஒப்பிட வேண்டும். எனவே ஃபிரேமிலிருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பின்பக்கம் நிறையச் சொல்லும்: மட்டமான அட்டையிலிருந்து இறங்கிய பழுப்பு, செலோடேப் விட்ட மஞ்சள் தழும்பு, ஈரத்தால் வந்த துருப்புள்ளிகள். தாளை அட்டையில் முழுசாகப் பசைபோட்டு ஒட்டியிருந்தால் நான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட மாட்டேன். பிரித்தெடுப்பது நிபுணர் வேலை, செலவு தாளின் விலையைத் தாண்டும்.

முதல் தாளாக எதை வாங்கலாம் என்று கேட்டால், 'மூன்ஸ்ட்ரிப்ஸ் எம்பயர் நியூஸ்' தொகுப்பிலிருந்து ஒரு தனித்தாள் என்பேன். 1967-ல் எடிஷன்ஸ் அலெக்டோ வெளியிட்டது. அக்ரிலிக் பெட்டிக்குள் ஏறக்குறைய நூறு தாள்கள், எடிஷன் 500. பெரும்பாலான தாள்களில் கையெழுத்து கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு பெரிய வார இதழ்ப் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலான அளவு. பைண்டிங் இல்லை, வரிசை இல்லை. பார்ப்பவர் இஷ்டப்படி கலைத்து அடுக்கிக்கொள்ளட்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார். பெட்டிகள் கலைந்து தனித்தாள்களாகச் சந்தைக்கு வருவதால் விலையும் தாங்கக்கூடியது. முழுப் பெட்டியைக் கலைப்பது சரியா என்று சேகரிப்பாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. 'ஆஸ் இஸ் வென்' போன்ற ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய தொகுப்பைப் பிரித்து விற்பது எனக்கு வலிக்கிறது. மூன்ஸ்ட்ரிப்ஸ் விஷயத்தில் அந்த வலி குறைவு, அதைச் செய்தவரே கட்டாமல்தான் விட்டார். ஏற்கெனவே பிரிந்த தாளை வாங்குவதில் தயக்கம் வேண்டாம். நல்ல பெட்டியை லாபத்துக்காகப் பிரிக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த படியாக, 1974 முதல் 1976 வரை வந்த 'கால்சியம் லைட் நைட்' வரிசையைப் பாருங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸை மனதில் வைத்துச் செய்த ஒன்பது ஸ்கிரீன் பிரின்ட்கள், எடிஷன் 200. 1965-ன் இரைச்சலான நிறங்கள் அடங்கி, கோடும் வடிவமும் இசைக்குறிப்புபோல ஓடும் தாள்கள். விளம்பரத்தையும் காமிக்ஸையும் கலையாக்கிய அறுபதுகளின் பாப் கலைதான் வேண்டும் என்று எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவதால் இவை இன்னும் ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எனக்குப் பாவ்லோட்சியின் அச்சுகளிலேயே அதிகம் பிடித்தவை இவைதான்.

ஏலத்தில் வாங்கினால், விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம், அனுப்பும் செலவு, சுங்கம் என்று கணிசமாக ஏறும். உச்சவரம்பை முன்கூட்டியே இவை எல்லாம் சேர்த்துத் தீர்மானியுங்கள். பெரிய தாளைச் சுருட்டிக் குழாயில் அனுப்புவார்கள். கனமான மைப்பரப்பு உள்ள தாளை இறுக்கிச் சுருட்டினால் மை வெடிக்கும் என்பதால் அகலமான குழாயோ, தட்டையான பொதியோ கேட்டு வாங்குவது நல்லது.

வந்து சேர்ந்ததும் ஃபிரேம் கடைக்காரரிடம் மூன்று விஷயங்களை வற்புறுத்துங்கள். அமிலமில்லாத மவுன்ட் அட்டை, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. தாளை ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டாலும் கோதுமை மாவுப் பசையாலும் தொங்கவிட வேண்டும், அந்தப் பசை தண்ணீர் பட்டால் பிரிந்துவரும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஈரம் நேராகத் தாளுக்குப் போகும். இரண்டு மூன்று தாள் சேர்ந்ததும் மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஒன்று சுவரில் இருக்கும் ஆறு மாதம் மற்றவை இருட்டில், அமிலமில்லாத உறைக்குள் படுத்திருக்கட்டும்.